வயது மூன்று மாதம்

பைபிளை விரித்ததும் அதிலிருந்து புளித்த பால் வாடை வந்தது.

பழைய புத்தகங்களின் வாடை மரியமலருக்குப் புதிதல்ல. மன்னாரில் பங்குக் கோயில் அலுவலகத்தில் ஒன்பது வருடம் ஞானஸ்நானப் பதிவேடுகளைப் பிரதி எடுத்தவள்; கறையான் தின்ற தாளும் ஈரம் குடித்த தோல் அட்டையும் எலிப் புழுக்கையும் என்ன வாடை வீசும் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவாள். யாராலும் வாசிக்க முடியாத கையெழுத்தை வாசிக்கும் அந்தப் பழக்கத்தால்தான், லண்டனுக்கு வந்த இரண்டாம் வருடம், விம்பிள்டன் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு சப்பாத்துக் கடையின் மேல்மாடியில் மிஸ் ஹார்வுட் நடத்திய சின்ன அலுவலகத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. லண்டனில் குடியிருக்கும் அமெரிக்கர்களுக்கு அவர்களுடைய வம்சாவளியைத் தேடி எழுதிக் கொடுப்பது அங்கே தொழில். குடிசன மதிப்பீட்டுப் பதிவுகள், கப்பல் பயணிகள் பட்டியல்கள், உயில்கள், பிறப்பு இறப்புகளை நடுப்பக்கத்தில் எழுதி வைத்த குடும்ப பைபிள்கள் என்று நாள் முழுக்கச் செத்தவர்களோடுதான் பொழுது போகும்.

ஆனால் இது தாளின் வாடை அல்ல. குழந்தை கக்கிய பாலைத் துடைத்த துணியை மூன்று நாள் சுருட்டி மூலையில் போட்டு வைத்தால் வரும் வாடை.

"வெகு காலம் பூட்டி வைத்திருந்தோம்," என்றாள் எதிரே உட்கார்ந்திருந்த திருமதி டாலிவர். ஒஹாயோவில் பிறந்து கணவனோடு லண்டனுக்கு வந்து தங்கிவிட்ட கிழவி. எழுபது வயதுக்குக் குறையாது. ஹீட்டர் எரிந்த அறையிலும் கம்பளிக் கோட்டைக் கழற்றவில்லை. கழுத்து வரை பொத்தான் போட்டிருந்தாள். "இதில் ஒரு குழந்தைக்குப் பெயர் எழுதப்படவில்லை. அந்தப் பெயர்தான் எனக்கு வேண்டும்."

"பதிவுகளில் பெயர் இல்லையென்றால்?"

"அப்படியானால் நீங்களே ஒன்று எழுதுங்கள். எங்கள் வீட்டில் யாரும் எழுத மாட்டார்கள்."

அவள் எழுந்தபோது கோட்டின் மார்புப் பக்கத்தில் இரண்டு ஈர வட்டங்கள் கறுத்துத் தெரிந்தன. தேநீர் சிந்தியிருக்கும் என்று நினைக்க முயன்று, இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் எப்படிச் சிந்தும் என்று தோன்ற, மரியமலர் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

அது 1987 நவம்பர். அமெரிக்காவிலிருந்து வரவழைத்த மைக்ரோபிலிம் சுருள்கள் ஒரு நூலகத்தின் நிலவறைக்கு வந்து சேர்ந்தன. ஜன்னலில்லாத அந்த அறையில், விசிறி முனகும் இயந்திரத்தின் மஞ்சள் வெளிச்சத்துக்குள் தலையை நுழைத்து, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி, ஒஹாயோவின் கிராமங்களை வீடு வீடாகக் கடந்து போனாள். பத்து வருடத்துக்கு ஒருமுறை எடுத்த பதிவு. 1850இல் டாலிவர் வீடு கிடைத்தது. அப்பா, அம்மா, பிள்ளைகள் நால்வர். கடைசி வரியில் பெயரில்லாத சிசு. ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் வயதை மாதங்களில் எழுதுவார்கள். இதற்கு மூன்று மாதம்.

1860. அந்த வீட்டின் மூத்த மகள் கலியாணம் கட்டி வேறு ஊருக்குப் போயிருந்தாள். அவளுடைய வீட்டுப் பதிவிலும் கடைசி வரியில் பெயரில்லாத சிசு. மூன்று மாதம்.

பிள்ளைகள் பிறக்கும், சாகும், பிறகு இன்னொன்று பிறக்கும். அந்தக் காலம் அப்படித்தான். 1870, அந்த மகளின் வீடு. மூன்று மாதம். 1880இல் அவளுடைய மருமகளின் வீடு. மூன்று மாதம். ஆண் பெண் என்று குறிக்கும் கட்டத்தில் பதிவாளர் எதையோ எழுதி, பிறகு பேனாவால் குத்திக் குத்திக் கிழித்திருந்தார். 1890ஆம் ஆண்டுப் பதிவுகள் தீயில் போய்விட்டன. 1900இல் ஒரு புதுக் கேள்வி சேர்த்திருந்தார்கள்: தாய் பெற்ற பிள்ளைகள் எத்தனை, உயிரோடு இருப்பவை எத்தனை?

பெற்றவை நான்கு. உயிரோடு இருப்பவை ஐந்து.

அவள் இரண்டு முறை வாசித்தாள். விரலால் திரையைத் தொட்டாள். விரல் ஒட்டியது. முகர்ந்து பார்த்தபோது அதே வாடை.

அலுவலகத்தில் பைபிளின் நடுப்பக்கத்தைத் திரும்பவும் எடுத்து வைத்துப் பார்த்தாள். எல்லாப் பெயர்களுக்கும் கீழே ஒரு வரி வெறுமையாக விட்டிருந்தது. அதைச் சுற்றி மஞ்சள் கறை. ஒற்றுத்தாளை வைத்து அழுத்தினாள். நூறு வருடப் பழைய தாளிலிருந்து தயிர் போல ஏதோ கட்டியாக ஊறி மேலே வந்தது. அன்று மத்தியானம் கொண்டுவந்த சோற்றைத் திறக்கவேயில்லை.

"வெறுமையாகவே விட்டுவிடு," என்றாள் மிஸ் ஹார்வுட், மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு. "தெரியவில்லை என்று எழுதி முடி."

மரியமலரால் அது முடியவில்லை. மன்னாரில், பிறந்து ஒரு நாள்கூடத் தங்காத பிள்ளைக்கும் மருத்துவச்சி நெற்றியில் தண்ணீர் தெளித்து, அன்றைய புனிதரின் பெயரைச் சொல்லிவிடுவாள். பதிவேட்டில் அதை எழுதுவது மரியமலரின் வேலை. பெயரில்லாமல் ஒரு பிள்ளையை விட்டதாக அவளுக்கு நினைவில்லை. டிசம்பர் மூன்றாம் தேதி, நாலு மணிக்கே ஜன்னல் கறுத்துவிட்ட நேரம், புனித சவேரியார் திருநாள் என்று நினைவு வர, பேனாவை எடுத்து அந்த வரியில் அவர் பெயரை ஆங்கிலத்தில் எழுதினாள்: சேவியர்.

பேனா முனைக்கு அடியில் தாள் மெத்தென்று அமிழ்ந்தது, ஈரமான தோல் மாதிரி. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறை சுருங்கிக் காய்ந்தது.

மறுநாள் திருமதி டாலிவர் வந்தாள். கோட்டுப் பொத்தான்கள் திறந்திருந்தன. உள்ளே சட்டை வெள்ளையாக, காய்ந்து கிடந்தது. எழுதியதைப் பார்த்தாள். மரியமலரின் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு நெடுநேரம் விடவில்லை.

"உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா?"

"ஒரு மகள். பதினொரு வயது."

"நல்லது. அப்படியென்றால் உங்களுக்குப் பழக்கம் இருக்கும்," என்றாள் கிழவி. பைபிளை எடுக்காமல் படியிறங்கிப் போனாள். இரண்டு நாள் கழித்து மிஸ் ஹார்வுட் தொலைபேசியில் கூப்பிட்டபோது, கிழவி வீட்டைக் காலிசெய்துவிட்டு அமெரிக்காவுக்குப் போய்விட்டதாகப் பதில் வந்தது.

அந்த வாரம் மோர்டனில் இருந்த வீட்டுக்குப் போகும் 93ஆம் இலக்கப் பஸ்ஸில், பின் இருக்கையில் யாருடைய குழந்தையோ அழுதது. மரியமலரின் மார்பு இறுகிக் கல்லாகியது. பிறகு சூடாக ஏதோ வழிந்து வயிறுவரை இறங்கியது. கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கி, வீட்டுக்கு ஓடி, குளியலறையைப் பூட்டிக்கொண்டு சட்டையைக் கழற்றினாள். பால். மஞ்சளாக, நூல் நூலாக இழுபட்டது. சுடச்சுடப் புளித்திருந்தது. அவள் கழுவுதொட்டியில் வாந்தியெடுத்தாள்.

டாக்டர் ஹார்மோன் கோளாறு என்று மாத்திரை கொடுத்தார். கருவில்லை என்று சோதித்துச் சொன்னார். அவள் உள்ளாடைகளைக் கொதிதண்ணீரில் போட்டாள், வாடை போகவில்லை. தோலைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாள். தோல் உரிந்தது, வாடை போகவில்லை. சமைக்கும் கறியில், தலையணையில், பூசையில் நன்மை அப்பம் வாங்கத் திறந்த வாயில்கூட அதே புளிப்பு. விடியற்காலையில் எழும்பினால் மார்பு வற்றிச் சுருங்கியிருக்கும். முலைக்காம்பைச் சுற்றி ஒரு வளையம் சிவந்திருக்கும். பல் பதிந்ததல்ல. ஈறு.

கணவன் கிறிஸ்துராஜா பெற்றோல் ஸ்டேஷன் ஷிப்ட் முடிந்து வந்து கட்டை போலத் தூங்குகிறவன். அவனிடம் சொல்ல வாய் வரவில்லை. அருவருப்பாக இருந்தது. தன் உடம்பே தனக்கு.

ஜனவரி இரண்டாம் வாரம். பின்னேரம் ஐந்து மணி. மழை. கதவைத் திறந்ததும் வாடை முகத்தில் அறைந்தது.

குசினியில் கிறிஸ்துராஜா முட்டை பொரித்துக்கொண்டிருந்தான். "ஏன் லேற்?" என்றான் திரும்பாமலே. "அவன் அழுதழுது களைச்சுப் போனான். போத்தில் பால் குடுத்துப் பாத்தன், குடிக்கேல்லை."

"ஆர்?"

"என்ன ஆர் எண்டு கேக்கிறாய்? சேவியர்தான்."

அவள் குசினி வாசலிலிருந்து திரும்பினாள். முன்னறையிலிருந்து மகள் பியற்றிஸின் குரல் கேட்டது. "அம்மா, கெதியா வாங்கோ. தம்பி ஹங்ரி."

சோபாவில் பியற்றிஸ் காலை மடித்து உட்கார்ந்திருந்தாள். மடியில் மரியமலரின் பழைய நூல் சேலையில் சுற்றிய ஒன்று. மூன்று மாதப் பிள்ளையின் அளவுதான். நெடுநேரம் தண்ணீரில் கிடந்த கையைப் போல வெளுத்துச் சுருங்கிய முகம். கழுத்து மடிப்புகளில் பால் காய்ந்து, அதன்மேல் பால் காய்ந்து, அடை அடையாக மஞ்சள் பிடித்திருந்தது. நகங்கள் வளர்ந்து உள்ளங்கைக்குள்ளேயே சுருண்டிருந்தன. பியற்றிஸ் அதன் தலையைத் தடவினாள். ஈரமயிர் கொத்தாக அவள் விரல்களோடு வந்தது. அவள் பாவாடையில் துடைத்துவிட்டு மறுபடி தடவினாள்.

"பியற்றிஸ். அதைக் கீழ வை."

"ஏனம்மா?"

அது தலையைத் திருப்பியது. கண்ணில் பாலாடை. மூக்கு விரிந்து முகர்ந்தது.

மரியமலரின் சட்டை நனைந்தது.

ஓட வேண்டும் என்று நினைத்தாள். மகளைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவுக்கு ஓட வேண்டும். கால்கள் சோபாவுக்குப் போயின. உட்கார்ந்தாள். மடியில் பாரம் வந்து இறங்கியது. குளிர்ந்த, ஊறிய பாரம். கை சட்டைக்குப் போனது. வேண்டாம் என்றாள். முதல் கொக்கி. வேண்டாம். இரண்டாவது.

வாய் திறந்தது. உள்ளே கறுத்த ஈறு.

கவ்வியது.

கிறிஸ்துராஜா சோற்றுக் கோப்பையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். முட்டையும் சோறும் பிசைந்து உருட்டி, அவள் உதட்டருகே நீட்டினான். "சாப்பிடு," என்றான் அன்பாக. "உனக்குப் பால் ஊற வேணுமெல்லே."

அவள் வாயைத் திறந்தாள். விழுங்கினாள். மடியில் அதுவும் விழுங்கியது.