தெளிநீர் விபத்து

விளக்கு சிவப்பாக எரிந்தது. ஓடை தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது. இரண்டில் எதை நம்புவது என்பதில் அரசாணைக்கு எந்தக் குழப்பமும் இல்லை. விளக்கைத்தான்.

பூவாணி ஓடையின் கண்காணிப்பு அலுவலர் துளசிமணி, பாலத்தின் மேல் நின்று கீழே பார்த்தாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் ஓடையின் அடித்தரையைப் பார்த்ததில்லை. இன்று கூழாங்கற்கள் தெரிந்தன. அவற்றின் நடுவே ஒற்றைச் செருப்பு கிடந்தது. அதன் வார் அறுந்திருப்பதுகூடத் தெரிந்தது. பார்க்கக் கூடாத எதையோ பார்த்துவிட்டதுபோல் அவள் கண்ணைத் திருப்பிக்கொண்டாள்.

பாலத்தூணில் பொருத்தியிருந்த நீர்ச்சாட்சி என்ற கருவி தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது. முன்பெல்லாம் ஓடைநீரைப் புட்டியில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். வழியில் புட்டி மாறிவிடும். அதனால் நீரைப் பற்றி நீரில் வாழ்பவையே சொல்லட்டும் என்று சட்டம் வந்தது. கல்லுக்கடியில் வளரும் ஒருநாள்பூச்சியின் குஞ்சுகள் மாசு பட்டால் முதலில் சாகும். மணலை மேயும் அயிரை மீன் அடுத்தது. செம்புழுவும் ஜிலேபி மீனும் சாக்கடையிலும் சௌக்கியமாக இருக்கும். நீர்ச்சாட்சி தன் நீரடிக் கண்ணால் யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்று பார்த்து விளக்கின் நிறத்தை மாற்றும். சிவப்பு எரிந்தால், கடைசியாகப் பச்சை எரிந்தபோது ஓடை எப்படி இருந்ததோ அப்படியே அதை மீட்கவேண்டும்; அதற்காக எந்தச் சாயப்பட்டறையின் மதகையும் அதுவே மூடலாம், திறக்கலாம். பூச்சிக்கு லஞ்சம் கொடுக்க முடியாது என்று திறப்பு விழாவில் ஆளுக்கு ஆள் பேசினார்கள். விஷயம் தெரிந்தவர்கள் பேசியதால் கூட்டம் நம்பியது.

முதல் மாதமே விளக்கு சிவந்து, மதகுகள் மூடி, சாயப்பட்டறைகள் நின்றன. அப்போதுதான் முனைவர் திருமலைசாமி வந்தார். கோளாறு நீரில் இல்லை, பூச்சியில் இருக்கிறது என்று கண்டுபிடித்தார். சாயநீரைச் சொட்டுச் சொட்டாக ஊட்டித் தலைமுறை தலைமுறையாக வளர்த்து, உரமேறிய ஒருநாள்பூச்சி ஒன்றை உருவாக்கி ஓடையில் விட்டார். சட்டம் பூச்சியின் பெயரைத்தான் கேட்டிருந்தது. அதன் பழக்கவழக்கங்களைக் கேட்கவில்லை. அன்றிலிருந்து பச்சைதான். வெளிநாட்டில் அந்தப் பருவத்துக்கு எந்த நிறம் எடுப்போ, அந்த நிறத்தில் ஓடை ஓடியது. நாட்டிலேயே தூய்மையான ஓடை என்று பாலத்தில் கல்வெட்டு வைத்தார்கள். திருமலைசாமிக்கு நீரியல் செம்மல் பட்டம் கிடைத்தது. ஊர்க்காரர்கள் கேன் தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள்.

இந்தத் தீபாவளிக்குப் பட்டறைகளைப் பூட்டிவிட்டு எல்லோரும் ஊருக்குப் போனபோது மழை பிடித்துக்கொண்டது. விட்டபோது ஓடையில் சாயம் இல்லை. சாயம் இல்லாமல் உரமேறிய பூச்சிகளால் மூச்சுவிட முடியவில்லை. கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தன.

விளக்கு சிவந்த அன்று காலை துளசிமணியின் வீட்டுக் கிணற்றில் வாளி விட்ட அவள் கணவன் ரங்கசாமி, வாளியை வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றான்.

"ஏம்புள்ள, தண்ணில நெறத்தையே காணோம். கெட்டுப்போச்சா?"

அவள் ஒரு வாய் குடித்தாள். சொந்தக் கிணற்றில் அவள் குடித்த முதல் வாய் அது. அடுத்த கணம் அலுவலகத்திலிருந்து அழைப்பு: நீர்ச்சாட்சி ஓடையைப் பச்சை எரிந்த நாளில் இருந்தபடியே மீட்க முடிவு செய்துவிட்டது; பண்டிகைக்கு முன் பட்டறைத் தொட்டிகளில் தேங்கிய சாயநீர் முழுவதையும் மாலைக்குள் திறந்துவிடப் போகிறது. தடுக்க வேண்டுமானால், விளக்கு காட்டுவது தவறு என்று அவளும் திருமலைசாமியும் சேர்ந்து கையெழுத்துப் போடவேண்டும்.

அவள் பாலத்துக்கு வந்து காத்திருக்க, திருமலைசாமி காரில் வந்து இறங்கினார். சட்டையில் செம்மல் பதக்கம் இருந்தது.

"மதகை நிறுத்தீருங்க சார். தண்ணி நல்லாத்தான இருக்குது" என்றாள் துளசிமணி.

"எதை வெச்சுச் சொல்றீங்க அம்மிணி?"

"கண்ணுல பாருங்க சார்."

அவர் கீழே பார்க்கவில்லை. "கண்ண வெச்சா அறிவியல் நடக்குது? இத்தன பூச்சி செத்துக் கெடக்குது. அதுக பொய் சொல்லுமா?"

சாயம் இல்லாததால் செத்தவை அவை, அப்படி வளர்த்தவரே நீங்கள்தான் என்றாள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சரி, இன்னைக்கு எரியற செவப்புத் தப்புன்னு எழுதறோம். அப்ப இத்தன வருசம் எரிஞ்ச பச்ச? கல்வெட்டுல உங்க பேரும் இருக்குது, மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. ஒவ்வொரு உறவினரையும் கூட்டிவந்து காட்டியிருக்கிறாள்.

அவள் படியிறங்கி ஓடைக்குள் போனாள். காலடியில் ஏதோ குறுகுறுத்தது. அயிரை. ஓடையின் மேற்பகுதியிலிருந்து எப்படியோ வந்து சேர்ந்திருந்தது. அவள் குனிந்து இரு கைகளாலும் அள்ளிக் குடித்தாள். பாலத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். முகம் கழுவினார்கள், குடித்தார்கள். பட்டறைச் சங்கத் தலைவரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் நீரில் நின்று, வாய்விட்டுச் சிரித்தார். திருமலைசாமியின் கை பேனாவைத் தேடிச் சட்டைப் பைக்குப் போனது.

அப்போது சங்கு ஊதியது. நீர்ச்சாட்சியின் பலகையில் எழுத்துகள் ஓடின: புதிய மாசுகாட்டி உயிர்கள் இரண்டு கண்டறியப்பட்டன. அயிரை. மனிதர்.

அதன் கணக்கு சுத்தமாக இருந்தது. பச்சை எரிந்த இத்தனை காலத்தில் இவ்விரண்டையும் அது ஓடைக்குள் ஒருமுறைகூடக் கண்டதில்லை. சிவப்பு எரிந்த பிறகே இரண்டும் வந்தன. ஆகவே இவை தென்படும் நீர் கெட்ட நீர். சான்றாக நீரடியிலிருந்து எடுத்த படம் ஒன்று வந்தது: கை குவித்து, வாய் திறந்து, குனிந்த துளசிமணி.

திருமலைசாமி பேனாவை மீண்டும் பையில் செருகினார். பதக்கத்தை ஒருமுறை தடவிக்கொண்டார்.

"மனுசன வெச்சே தண்ணிய அளக்கலாம் அம்மிணி. ஒலகத்துலயே இது மொதல் தடவ."

நிலைமை மோசமானதால் மாலைவரை காத்திருக்க நீர்ச்சாட்சி விரும்பவில்லை. மேலே மதகுகள் திறக்கும் ஓசை கேட்டது. இந்தப் பருவத்துக்குக் கத்தரிப்பூ நிறம். அலறிக்கொண்டு எல்லோரும் கரையேறினார்கள். அயிரைகள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. திருமலைசாமியின் ஆட்கள் வாளி வாளியாகப் புதுப் பூச்சிகளைக் கொட்டினார்கள். கடைசி ஆளின் கால் நீரைவிட்டு எழுந்தது. விளக்கு பச்சைக்கு மாறியது. பழக்க தோஷத்தில் இரண்டு பேர் கைதட்டினார்கள்.

அடுத்த பருவத்துக்குள் எல்லாப் பாலங்களிலும் பலகை மாட்டினார்கள். மாசுகாட்டி உயிர்களின் படங்கள்: செம்புழு, ஜிலேபி, அயிரை, அவற்றுக்கு அடுத்து துளசிமணி. கீழே: 'இவ்வுயிர் குனிந்து நீர் அருந்தக் கண்டால் உடனே தெரிவிக்கவும்.'

கேன் தண்ணீரை இடுப்பில் வைத்துக்கொண்டு துளசிமணி தினமும் அந்தப் பலகையைத் தாண்டித்தான் போகவேண்டும். ஒருநாள் நடுப்பாலத்தில் அவள் செருப்பு வார் கழன்றது. குனியப் போனவள், பலகையைப் பார்த்தாள். பிறகு செருப்பை இழுத்துக்கொண்டே நடந்தாள்.