பாசிக்கு இத்தனை எட்டா?

ஐந்தாம் வகுப்பில் அந்தப் பெண்ணுக்குப் பட்டப்பெயர் உடும்பு. ஒன்றைப் பிடித்தால் லேசில் விடமாட்டாள்.

கண்காட்சிக்காகப் பள்ளி வராந்தாச் சுவர் முழுவதும் பூமியின் கதையை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஓர் எட்டு நடந்தால் பத்துக் கோடி ஆண்டு. வாசல் பக்கம் பூமி நெருப்புக் குழம்பாகக் கொதித்தது. மனிதர்கள் வந்தது மறுகோடியில், ஒரு நகத்தின் அகலம்கூட இல்லாத இடத்தில்.

சீட்டுக் குலுக்கியதில் உடும்புக்கு விழுந்தது பாசி. கடலோரப் பாறைகளில் வழவழவென்று படர்ந்த குட்டிக் குட்டி உயிர்கள். அவளுடைய பச்சைத்தாள் பாதி வராந்தாவுக்கு மேல் ஓடியது.

டைனோசர் விழுந்தது மைக்செட்டுக்கு. அவன் ரகசியம் சொன்னால் பக்கத்து வகுப்புக்கும் கேட்கும். படங்களை வரைந்து தள்ளிவிட்டான். ஆனால் டைனோசருக்குக் கிடைத்ததோ இரண்டே எட்டு. நீளக் கழுத்துக்காரனின் வாலை மடித்துத்தான் ஒட்ட வேண்டியிருந்தது.

"உன் பாசியை வெட்டி ரெண்டு எட்டுல முடிச்சிரு. மீதி இடம் எனக்கு" என்றான்.

"முடியாது. அத்தனை கோடி வருஷம் அது மட்டும்தான் இருந்துச்சு. பொய் சொல்லச் சொல்றியா?"

வழக்கு அறிவியல் டீச்சரிடம் போனது. அவருக்கும் மனசு டைனோசர் பக்கம்தான். நாளைக்கு இடைவேளை மணி அடிப்பதற்குள் பாசியை யாராவது நின்று பார்த்தால் இருக்கட்டும், இல்லையென்றால் வெட்டிவிடலாம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

மறுநாள் கண்காட்சிக்கு வந்தவர்கள் எல்லாரும் பச்சைத்தாளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் டைனோசரைப் பார்க்க ஓடினார்கள். மைக்செட் கத்தரிக்கோலோடு தயாராக நின்றான்.

உடும்புக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவன் முன்னால் அழுவதா? பல்லைக் கடித்து மூச்சை அடக்கினாள். கொஞ்ச நேரத்தில் தாங்க முடியாமல் புஸ்ஸென்று விட்டாள். விட்டதும் கண்கள் பளிச்சிட்டன. சுண்ணாம்புக் கட்டியை எடுத்துப் பச்சைத்தாளின் நடுவில், தரையில் ஒரு கோடு போட்டுவிட்டு, வாசலில் போய்க் குறுக்கே நின்றாள்.

"இங்கிருந்து மூச்சைப் பிடிச்சிட்டு நடக்கணும். பூமி பிறந்தப்போ காத்துல ஆக்சிஜனே இல்லை. பாசிதான் கொஞ்சம் கொஞ்சமா விட்டு நிரப்புச்சு. அந்தக் கோடு வந்தப்புறம்தான் மூச்சு. ஆமை நடைதான், ஓடினா ஆட்டம் காலி."

முதலில் வந்தவர் ஒரு பேருந்து ஓட்டுநர். தொந்தியை உள்ளே இழுத்துக்கொண்டு கிளம்பியவர் பச்சைத்தாள் தொடங்கும் முன்பே தோற்றார். அவருடைய மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அடுத்து ஒரு தபால்காரர், ஒரு அத்தை, மூன்றாம் வகுப்பு முழுவதும். கோட்டைத் தொட்டவர்கள் பாசிப் படத்தைப் பிடித்துக்கொண்டு ஆசை தீர மூச்சு வாங்கினார்கள்.

"இதெல்லாம் எனக்குச் சாதாரணம்" என்று மைக்செட்டும் இறங்கினான். கன்னம் உப்பியது, முகம் சிவந்தது. வாயைப் பொத்தியபடி இன்னும் எவ்வளவு தூரம் என்று கையால் கேட்டான்.

"அறுபது கோடி வருஷம்" என்றாள் உடும்பு.

அவன் அங்கேயே வெடித்துச் சிரித்துவிட்டான்.

இடைவேளை மணி அடித்தது. டீச்சர் தீர்ப்புச் சொல்லும் நிலையில் இல்லை. கன்னங்களை உப்பிக்கொண்டு பச்சைத்தாளை ஒட்டி மெல்ல நடந்துகொண்டிருந்தார். கோட்டைத் தாண்டியதும் பெருமூச்சு விட்டு, "ஒரு எட்டுகூடக் குறைக்க வேண்டாம்" என்றார்.

மைக்செட் கத்தரிக்கோலைச் சட்டைப்பையில் திணித்தான்.

"இன்னொரு தடவை நடக்கட்டா?"

"வரிசையில நில்லு" என்றாள் உடும்பு.