சிக்னலில் மட்டும் சுடும் கார்

லஸ் முனையில் சிக்னல் சிவப்பானது. ஏசி காற்று வரும் துவாரத்துக்கு நேராக உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிஷா எண்ணத் தொடங்கினாள்.

இருபது வரை காற்று குளிர்ந்தது. முப்பதில் குளிர் போய்விட்டது. நாற்பது எண்ணும்போது, இட்லிப் பானையைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அப்படி ஒரு காற்று வந்தது.

"அப்பா, நாப்பது" என்றாள்.

"நேத்து எவ்ளோ?"

"நேத்தும் நாப்பதுதான்."

அப்பா துரைராஜ் கண்ணாடியை இறக்கினார். மெட்ரோ வேலை நடக்கும் பள்ளத்திலிருந்து தூசி உள்ளே வந்தது. அவர் டாக்ஸி ஓட்டுபவர். நாள் முழுக்க இந்தக் காரில்தான் இருப்பார். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் மட்டும் மயிலாப்பூர் வந்து, நிஷாவை ராயப்பேட்டை வீட்டில் விட்டுவிட்டுப் போவார்.

"காலைல ஒரு மேடம் ஏறுனாங்க" என்றார். "தி.நகர் போறதுக்குள்ள எட்டு சிக்னல். எறங்கும்போது இன்னா சொன்னாங்க தெரியுமா? 'தம்பி, ரெண்டு அப்பளம் எடுத்தாந்திருந்தா பொரிச்சிருக்கலாம்'னாங்க."

நிஷா சிரித்தாள். சிக்னல் பச்சையானது. கார் நகர்ந்து வேகம் எடுத்ததும், ஒன்றுமே நடக்காதது போலக் குளிர்ந்த காற்று திரும்பி வந்தது. ஓடினால் குளிர், நின்றால் சூடு. எட்டு நாளாக இதே கதைதான்.

வேறு சமயமாக இருந்தால் நிஷா இவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டாள். ஆனால் வெள்ளிக்கிழமை காலை அம்மா வருகிறாள்.

அம்மா தேவானை மஸ்கட்டில் ஒரு வீட்டில் இரட்டைக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். போய் ஒரு வருஷமும் நாலு மாதமும் ஆகிவிட்டது. இப்போது இருபது நாள் விடுமுறை.

இந்தக் கார் வீட்டுக்கு வந்த வாரத்தில்தான் அம்மா கிளம்பினாள். விமான நிலையம் போகும்போது பின் சீட்டில் அம்மாவும் நிஷாவும் உட்கார்ந்திருந்தார்கள். "அப்பாடி, ஊட்டி மாதிரி கீது" என்று சொல்லிவிட்டு, அம்மா தன் முந்தானையை எடுத்து நிஷாவின் தோளோடு சேர்த்துப் போர்த்திவிட்டாள். அதற்குள்ளே மஞ்சளும் சோப்பும் கலந்த ஒரு வாசனை. நிஷா அதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் குறைந்துவிடும் போல இருந்தது.

அம்மா வேலை செய்யும் வீட்டில் நாள் முழுக்க ஏசி ஓடும். ஒருமுறை வீடியோவில் பேசும்போது பின்னால் ஒரு குழந்தை சிணுங்கியது. "இரு கண்ணு" என்று போனைக் கட்டில் மேல் சாய்த்து வைத்துவிட்டு, அம்மா அந்தக் குழந்தைக்குப் போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டாள். நிஷா பார்த்துக்கொண்டே இருந்தாள். பாவம், அதற்குக் குளிரும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அன்று இரண்டாவது தோசை உள்ளே இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை கார் ஜில்லென்று இருந்தால் அம்மா கட்டாயம் போர்த்திவிடுவாள். கார் அடுப்பாகச் சுட்டால் யார் போர்த்திவிடுவார்கள்?

அப்பா வீட்டுக்குப் போகாமல் நேராக மெக்கானிக் கரீமுல்லாவின் பட்டறையில் வண்டியை நிறுத்தினார். கரீமுல்லா பானட்டைத் திறந்து, குழாய் ஒன்றை மாட்டி, அதன் மீட்டர் முள்ளைப் பார்த்தார்.

"காஸ் கரெக்டாத்தான் கீது, துரை. வண்டி ஓடினா கூலாவுது, நின்னா ஆவுலன்னா கம்ப்ரஸர் வீக்காயிருக்கும். நாளைக்கு வுட்டுட்டுப் போ. சனிக்கிழமை எடுத்துக்கோ."

"சனிக்கிழமையா?" என்றாள் நிஷா. "பாய் மாமா, வெள்ளிக்கிழமை அம்மா வர்றாங்க."

கரீமுல்லா தலையைச் சொறிந்தார். "தெரியும்மா. கழட்டி மாட்டணும் இல்ல? நான் இன்னா மந்திரவாதியா?"

"பரவால்ல" என்றார் அப்பா. "அம்மாவ மெட்ரோவுல கூட்டினு வந்துடலாம். அதுவும் ஏசிதானே."

நிஷா அதை நினைத்துப் பார்த்தாள். மெட்ரோவில் அம்மா பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டே வருவாள். அவளுக்கு ஒரு கைதான் மிச்சம் இருக்கும். அதில் கம்பியைப் பிடித்திருப்பாள்.

மறுநாள் காலை அப்பா உப்புமா கிண்டி வைத்தார். நிஷா தட்டோடு ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தாள். ஒரு வாய் ஆறுவதற்குள் கரண்ட் போய்விட்டது.

"நேரமாவுது, சீக்கிரம் துன்னு" என்றார் அப்பா.

"சுடுதுப்பா."

ஜன்னலுக்குப் பக்கத்தில் போனாள். துளிக் காற்றில்லை. சட்டென்று எழுந்து, தட்டை முன்னால் நீட்டிக்கொண்டு கூடத்தில் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஓடினாள். திரும்பினாள். மறுபடி ஓடினாள்.

"ஏய், இன்னா பண்ற?"

"ஆற வைக்கிறேன். ஓடினா காத்து வருதுல்ல?"

"நின்னு துன்னுடி. கொட்டிடப் போற."

நிஷா நின்றாள். கையில் தட்டோடு, வாயைத் திறந்தபடி அப்படியே நின்றாள்.

ஓடினால் காற்று வரும். நின்றால் ஃபேன் வேண்டும்.

"அப்பா, நம்ம காருக்கு ஃபேன் இருக்கா?"

"எதுக்கு?"

"நிக்கும்போது அதுக்கு யாரு விசிறுவாங்க?"

அப்பாவுக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் பட்டறைக்கு முன்னால் நிறுத்தினார். நிஷா இறங்கி ஓடிப்போய் அதே கேள்வியைக் கரீமுல்லாவிடம் கேட்டாள்.

டீ கிளாஸை உதட்டருகே வைத்திருந்தவர் அதைக் கீழே இறக்கினார்.

"யாரு சொல்லிக் குடுத்தது உனக்கு?"

"உப்புமா" என்றாள் நிஷா.

அவர் சிரித்துக்கொண்டே காருக்கு முன்னால் வந்தார். "மூக்குல கம்பி கம்பியா இந்த ஜாலி கீது இல்ல, அதுக்குப் பின்னால வலை மாதிரி ஒண்ணு கீது பாரு. காருக்குள்ள இருக்கிற சூட்டையெல்லாம் கொண்டாந்து இங்கதான் வுடும். ஓடும்போது எதிர்க்காத்து பட்டு ஆறிடும். நின்னா அதுக்குன்னு குட்டி ஃபேன் ஒண்ணு கீது. அது முன்னாலயே இருக்கும்."

பக்கத்தில் ஒரு வெள்ளைக் கார் ஏசியோடு நின்றிருந்தது. அதன் மூக்கிலிருந்து 'விர்ர்' என்று ஒரு சத்தம். தங்கள் காரிலும் ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதன் மூக்குக்கு அருகே நிஷா காதை வைத்தாள். இன்ஜின் சத்தம் மட்டும்தான் கேட்டது. அந்த 'விர்ர்' இல்லை.

"ஃபேன் சுத்தல, மாமா."

கரீமுல்லா இன்ஜினை நிறுத்திச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டார். நிஷா ஜாலியின் முன்னால் மண்டியிட்டு உள்ளே பார்த்தாள். ஒரே இருட்டு. கண்ணுக்குத் தெரிந்தது கறுப்புத் திருஷ்டிக் கயிறு மட்டும்தான்.

அது அம்மா கட்டியது. கிளம்புகிற அன்று காலை, எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்து அம்மா அதைக் கட்டினாள். பழத்தைப் பிடித்துக்கொண்டது நிஷாதான். மூன்று முடிச்சுப் போட்டுவிட்டு அம்மா ஒரு முழம் கயிற்றை மிச்சம் விட்டாள். "அமாவாசைக்கு அமாவாசை இதுல புதுப் பழம் கோத்துடு, இன்னா?" என்றாள். இரண்டு அமாவாசைக்குக் கோத்தார்கள். பிறகு மறந்துபோனது. பழம் போய் வால் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

நிஷா முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். வால் எங்கே?

"அப்பா, கயித்தோட வால் காணோம்."

"அங்கதானே இருந்தது. தெனம் தொட்டுக் கும்பிட்டுத்தானே வண்டி எடுக்கிறேன்."

"கண்ண மூடிக்கினு கும்பிடுவீங்க. எப்படித் தெரியும்?"

அப்பாவும் குனிந்து பார்த்தார்.

நிஷா கயிற்றின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனாள். அது கீழே தொங்கவில்லை. கம்பிக்கு நடுவே உள்ளே போய், விறைப்பாக நின்றது. கரீமுல்லா டார்ச் அடித்தார். குட்டி ஃபேனின் கழுத்தில் கயிறு நாலைந்து சுற்றுச் சுற்றி இறுகிக் கிடந்தது.

"அட" என்றார் கரீமுல்லா. "இது எப்போ உள்ள போச்சு?"

அப்பா மெதுவாகச் சொன்னார். "போன வாரம் வண்டியக் கழுவினேன். பைப்ப வெச்சு முன்னால நல்லா அடிச்சேன். அவ வர்றாளே, பளிச்சுன்னு இருக்கட்டும்னு."

கரீமுல்லா டார்ச்சை அணைத்தார்.

"நானும் கயித்தப் பாத்தேன்" என்றார் கரீமுல்லா. "தொடல. போன வருஷம் ஒருத்தர் வண்டில இடைஞ்சலா இருக்குதேன்னு ஒண்ண அறுத்துட்டேன். அந்த மனுஷன் குதிச்சான் பாரு. அதுலேர்ந்து சாமி சமாச்சாரத்துல கைய வைக்கிறதே இல்ல."

அவர் பிளேடு ஒன்றை எடுத்து நீட்டினார். அப்பா வாங்கிக்கொண்டு கயிற்றின் பக்கத்தில் குனிந்தார். குனிந்தபடியே இருந்தார். கை மட்டும் நகரவில்லை.

"அவ கையால கட்டினது, பாய்" என்றார். "அவ வர்ற வரைக்கும் இருக்கட்டும்னு நெனச்சேன்."

நிஷா அப்பாவைப் பார்த்தாள். தான் மட்டும்தான் நாட்களை எண்ணுவதாக அவள் இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள். தினமும் காலையில் காரின் முன்னால் கண்ணை மூடி நிற்கும்போது அப்பா என்ன நினைத்துக்கொள்வார் என்று யோசித்ததே இல்லை.

"அறுக்க வேணாம்ப்பா" என்றாள். "நான் அவுக்கிறேன். என் விரல் உள்ள போவும்."

முதல் முடிச்சு எளிதில் வரவில்லை. வெயிலிலும் மழையிலும் கிடந்து இறுகியிருந்தது. நிஷா நகத்தால் நெம்பினாள். வேலைக்கு வந்த இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பள்ளிக்கூடத்தில் முதல் மணி இந்நேரம் அடித்திருக்கும். இரண்டாவது முடிச்சு அவிழ்ந்தது. மூன்றாவது மிகவும் பிடிவாதம் பிடித்தது. அம்மாவும் அப்படித்தான், எதையும் இறுக்கித்தான் கட்டுவாள். ஜடைகூட. நிஷாவுக்குச் சிரிப்பு வந்தது. கண் மட்டும் கொஞ்சம் கலங்கியது.

முடிச்சுகள் அவிழ்ந்ததும் ஃபேனின் கழுத்திலிருந்து ஒவ்வொரு சுற்றாகப் பிரித்து, கயிறு அறுபடாமல் வெளியே எடுத்தாள். கரீமுல்லா கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சிவப்பு வில்லையை எங்கிருந்தோ பிடுங்கிக் காட்டினார்.

"ஃபியூஸ். ஃபேன் சுத்த முடியாம தவிச்சதுல இது போயிடுச்சு."

புதியதை மாட்டிச் சாவியைத் திருப்பினார். 'விர்ர்' என்றது காரின் மூக்கு.

நிஷா உள்ளே ஏறிக் கையை நீட்டி எண்ணினாள். நாற்பது. அறுபது. நூறு. கார் நின்ற இடத்திலேயே நின்றது. காற்று குளிர்ந்துகொண்டே இருந்தது.

"கம்ப்ரஸர் நல்லாத்தான் கீது" என்றார் கரீமுல்லா, தொண்டையைக் கனைத்துக்கொண்டு. "நேத்து நான் சொன்னத யார்கிட்டயும் சொல்லாத, இன்னா?"

வெள்ளிக்கிழமை காலை விமான நிலைய வாசலில் நிஷா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மாவைப் பார்த்ததும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் என்று பலமுறை யோசித்து வைத்திருந்தாள். ஆனால் பெட்டி வைத்த வண்டியைத் தள்ளிக்கொண்டு அம்மா வெளியே வந்தபோது கால் நகரவில்லை. அம்மா இளைத்திருந்தாள். அதோடு, புடவை கட்டவில்லை. பச்சைச் சுடிதார் போட்டிருந்தாள்.

முந்தானை இல்லையே என்றுதான் நிஷாவுக்கு முதலில் தோன்றியது.

அதற்குள் அம்மா வந்துவிட்டாள். இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "எவ்ளோ வளந்துட்ட" என்று நிஷாவின் தலைக்கு மேலாக அப்பாவிடம் சொன்னாள். சோப்பு வாசனை வேறாக இருந்தது.

காருக்குப் பக்கத்தில் வந்ததும் அம்மாவின் கண் நேராக ஜாலிக்குத்தான் போனது.

"நான் கட்டின கயிறு எங்க?"

அப்பா பெட்டியைத் தூக்கி வைப்பதில் மும்முரமானார். நிஷா பையிலிருந்து ஜியாமெட்ரி பாக்ஸை எடுத்துத் திறந்தாள். உள்ளே கயிறு சுருண்டிருந்தது. கார் கிளம்பிக் கிண்டி மேம்பாலம் வருவதற்குள் உப்புமாவிலிருந்து ஃபியூஸ் வரைக்கும் சொல்லி முடித்தாள். அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"திருஷ்டி படக் கூடாதுன்னு கட்டினா, கயிறே வண்டிக்குத் திருஷ்டியாப் பூடுச்சா?"

நந்தனத்தில் சிக்னல் சிவப்பானது. நிஷா பேச்சை நிறுத்திவிட்டு மனத்துக்குள் எண்ணினாள். இருபது. முப்பது. நாற்பது. காற்று ஜில்லென்று முழங்காலைத் தொட்டது.

"அப்பாடி" என்றாள் அம்மா. "ஊட்டியேதான்."

அவள் துப்பட்டாவைத் தோளிலிருந்து எடுத்து உதறினாள். பிறகு அதை நிஷாவைச் சுற்றிப் போர்த்தி, முனையைக் கழுத்துக்குக் கீழே செருகினாள். உள்ளே முகத்தைப் புதைத்ததும் நிஷாவுக்குத் தெரிந்தது. சோப்புதான் வேறு. அதற்கு அடியில் இருந்தது அதே வாசனை.

சிக்னல் பச்சையானது.

"அடுத்தது தேனாம்பேட்டை" என்றார் அப்பா. "நம்ம நேரம், அதுவும் செவப்பாத்தான் இருக்கும்."

இருக்கட்டும் என்று துப்பட்டாவுக்குள் நிஷா வேண்டிக்கொண்டாள். வீடு வரைக்கும் எல்லாமே சிவப்பாகவே இருக்கட்டும்.