கீழ் வீட்டுக்குப் போன ஒயர்

சாயங்கால வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் நீளமாகப் போட்டிருந்த நேரத்தில், உள்ளறையில் மோடம் தானாக டயல் செய்யத் தொடங்கியது. முதலில் ஒரு ரீங்காரம், பிறகு நம்பர்கள் ஒவ்வொன்றாக விழும் சத்தம், பிறகு தகரத்தை ஆணியால் கீறுகிற மாதிரி அந்த நீண்ட கீச்சொலி. ஹாலில் போன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ராமானுஜமும் பிரபாவதியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கம்ப்யூட்டர் முன்னால் யாரும் இல்லை. வீட்டில் அவர்கள் இருவரைத் தவிர யாருமே இல்லை.

“நீங்க ஏதாவது போட்டுட்டு வந்தீங்களா?”

“இல்லையே.”

“அப்ப போய் நிறுத்துங்க. போன் வரும்.”

போன் வரும் என்பதற்காகத்தான் அவர்கள் இன்னும் அந்த வீட்டில் இருந்தார்கள். டிசம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் உள்ளே வந்துவிட்டுப் போன பிறகு, அந்த பிளாக்கில் மற்ற எல்லாரும் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். டவுன்ஷிப்பில் உள்ளே தள்ளி வேறு வீடு தருகிறோம் என்று ஆபீசில் சொன்னார்கள். ராமானுஜம் வேண்டாமென்று விட்டார். மகாபலிபுரத்திலிருந்து செங்கல்பட்டு வரை அவர் ஏறி இறங்கிய கவர்மென்ட் ஆஸ்பத்திரி, பிணவறை, போலீஸ் ஸ்டேஷன் எல்லாவற்றிலும் மகன் நிதினின் போட்டோவுக்குப் பின்னால் இந்த வீட்டு நம்பரைத்தான் எழுதிக் கொடுத்திருந்தார். “தினம் தினம் அலையாதீங்க சார், ஏதாவது தெரிஞ்சா நாங்களே கூப்பிடறோம்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீடு மாறினால் நம்பர் மாறிவிடும். செல்போன் அவரிடம் கிடையாது. பாதுகாப்பு என்று ஆபீஸ் கேட்டுக்குள் விடாத சாமானை எதற்குக் காசு கொடுத்து வாங்குவது என்று இருந்துவிட்டார்.

அவர் எழுந்து உள்ளறைக்குப் போய்ப் பார்த்தார். திரையின் மூலையில் இரண்டு குட்டி மானிட்டர்கள் மாறி மாறி மினுக்கிக்கொண்டிருந்தன. இணைப்பு கிடைத்துவிட்டது. இந்தக் கம்ப்யூட்டர் தானாக டயல் செய்வதற்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு என்பது அவருக்குத் தெரியும். அப்படி அமைத்துக் கொடுத்ததே அவர்தான்.

கீழ் வீட்டு ஏசுபாதத்தின் மகன் ஜோயலிடம் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது, போன் லைன் இல்லை. நிதினும் அவனும் சேர்ந்து ஜன்னல் வழியாக ஒரு நீல ஒயரைக் கீழே விட்டு இரண்டு மெஷின்களையும் இணைத்துவிட்டார்கள். மேலே வரும் இன்டர்நெட்டைக் கீழேயும் பங்கு போட்டுக்கொள்ளலாம். கீழே யாராவது நெட்டைக் கேட்டால் மேலே இருக்கிற மோடம் தானாகவே டயல் செய்துவிடும். யாரும் மாடியேறி வந்து காலிங் பெல் அடிக்க வேண்டியதில்லை. கிறிஸ்துமஸுக்கு ஏசுபாதம் குடும்பத்தோடு கருங்குழிக்குப் போனபோது வீட்டுச் சாவியை நிதினிடம் கொடுத்துவிட்டுப் போனார். மேலே உட்கார்ந்தால் அப்பா பேப்பர் படிக்கிற சாக்கில் எட்டி எட்டிப் பார்ப்பார் என்பதால், அந்த ஞாயிறு காலை பையன் கீழே போய் உட்கார்ந்தான். மோடம் டயல் செய்த சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கடல் வந்தது.

ராமானுஜம் இணைப்பைத் துண்டித்தார். ஹாலுக்குத் திரும்புவதற்குள் மோடம் மறுபடி டயல் செய்தது.

அவர் செருப்பு கூடப் போடாமல் கீழே இறங்கிப் போனார். படிக்கட்டுச் சுவரில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நின்ற கோடு பழுப்பாக இருந்தது. உப்பும் கெரசினும் அழுகின பாசியும் கலந்த அந்த வாடை, எத்தனை பினாயில் ஊற்றினாலும் போகாத அந்த வாடை, கீழே இறங்க இறங்கக் கனமாகிக்கொண்டே வந்தது. ஏசுபாதம் வீட்டுக் கதவில் புதுப் பூட்டு தொங்கியது. ஜன்னல் கம்பி வழியாக உள்ளே பார்த்தார். மேஜை இல்லை. கட்டில் இல்லை. ஜோயலின் கம்ப்யூட்டரை மணலோடு மணலாக அள்ளிக் குப்பை லாரியில் போட்டதை அவரே நின்று பார்த்திருக்கிறார். வெறும் தரையில் நீல ஒயரின் முனை மட்டும் கிடந்தது. எதிலும் செருகப்படாமல்.

அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பயம் வந்திருக்க வேண்டிய நேரம். ஒன்றும் வரவில்லை. காலையில் கொதிக்கக் கொதிக்கக் காப்பி குடித்து நாக்கு வெந்துபோனதே அவருக்கு மத்தியானம்தான் தெரிந்தது. அவர் மாடியேறினார்.

திரையில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி எழும்பி நின்றது. பசங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் இப்படித்தான் சேதி அனுப்பிக்கொள்வார்கள், இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்து. மேல் வரியில் அனுப்பிய மெஷினின் பெயர் இருந்தது: ஜோயல். அதன் கீழே:

அப்பா, கட் பண்ணாதீங்க.

போன் பேச வேண்டும் என்று அவர் இணைப்பைத் துண்டிக்கும்போதெல்லாம் நிதின் கீழேயிருந்து இதைத்தான் அனுப்புவான். ராமானுஜம் நாற்காலியில் உட்கார்ந்தார். எப்படிப் பதில் போடுவது என்று நிதின் ஒருமுறை சொல்லிக் கொடுத்திருந்தான். கறுப்பு விண்டோவைத் திறந்து, ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தார்.

எங்கடா இருக்க?

கீழ.

வரட்டுமா?

வேணாம். லைன் மட்டும் விடுங்க.

“நிறுத்திட்டீங்களா?” என்று ஹாலிலிருந்து பிரபாவதி கேட்டாள்.

“ம்” என்றார்.

அதற்குப் பிறகு அவர் செய்த காரியம் சின்னது. மோடத்தின் ஸ்பீக்கரை அணைத்தார். இனி டயல் செய்தால் சத்தம் வராது. நம்பினார் என்று சொல்ல முடியாது. நம்பாமல் இருப்பதற்கு வேண்டிய தெம்பு அவரிடம் இல்லை, அவ்வளவுதான்.

பிரபாவதி போனை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டுத் தட்டையும் அங்கேயே கொண்டுவந்து வைத்துக்கொண்டாள். ரிசீவரை எடுத்து லைன் இருக்கிறதா என்று ஒரு தடவை கூடப் பார்க்க மாட்டாள். “எடுக்கற அந்த நேரம் பார்த்து வந்துட்டா?” என்பாள். அவள் காத்திருந்த போன் அடிக்க முடியாதபடி சுவருக்கு அந்தப் பக்கம் இணைப்பு ஓடிக்கொண்டிருந்தது. ராமானுஜத்துக்கு அது தெரியும். உடம்பெல்லாம் மரத்துப்போன மாதிரி, அந்தத் தெரிதலும் எங்கோ தள்ளி இருந்தது.

பொங்கல் வந்தது, போயிற்று. அவர் ஆபீசுக்கு லீவு சொன்னார். சேதிகள் வந்துகொண்டிருந்தன. நீளமாக எதுவும் இல்லை. பசிக்குதா என்று கேட்டால் இல்லை என்று வரும். குளிருதா என்று கேட்டால் பதில் வராது. தனியா இருக்கியா என்று ஒரு நாள் கேட்டார். மின்விசிறி ஓடாமலே திரைச்சீலை அசைந்துகொண்டிருந்த, கடல் சத்தம் வழக்கத்தைவிடப் பக்கத்தில் கேட்ட ஒரு மத்தியானம் அது. பெட்டி எழும்பியது.

இல்லப்பா. நிறைய பேர்.

பிறகு இன்னொன்று.

எங்க எல்லாருக்கும் இந்த லைன் ஒண்ணுதான்.

அவர் விரல்கள் கீபோர்டின் மேலேயே நின்றன. நிதின் இப்படிப் பேச மாட்டான் என்று மனசின் ஒரு மூலை சொன்னது. பேசாமல் இருக்கச் சொல்லி அதை அடக்கினார். நீல ஒயர் ஜன்னல் கட்டையில் லேசாக உரசிக்கொண்டிருந்தது. காற்று என்று நினைத்தார். வெளியே தென்னை ஓலை ஒன்றுகூட அசையவில்லை. ஒயர் கொஞ்சம் கொஞ்சமாக விறைத்தது. தளர்ந்தது. மறுபடி விறைத்தது.

அன்றைக்குப் பொழுது சாயும் நேரத்தில்தான் எல்லப்பன் வந்தான். டவுன்ஷிப் கேட்டில் வாட்ச்மேன். சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு மாடியேறி, வாசற்படியிலேயே மூச்சு வாங்க நின்றான்.

“சார், செங்கல்பட்டுலேர்ந்து ஒரு ஆளு வந்துகீறாரு. நர்சிங் ஹோமாம். கேட்டாண்ட கையெழுத்து போட்டுகினு கீறாரு. நான்தான் மின்னாடி ஓடியாந்தேன்.” ராமானுஜத்தைப் பார்த்தான், பிரபாவதியைப் பார்த்தான், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். “இன்னா சார் ஆச்சு உங்க போனுக்கு? எப்ப அடிச்சாலும் எங்கேஜ்டாவே கீதாம்.”

“என்ன விஷயம் எல்லப்பா?” பிரபாவதி எழுந்துவிட்டாள்.

“பையன்மா. தெக்கால எங்கியோ கரையாண்ட கெடந்தவன யாரோ தூக்கினு போய்ச் சேத்துக்கீறாங்க. பேரு, ஊரு ஒண்ணும் தெரியாது, நெனவே இல்லாம கெடந்துகீறான். அப்பால நெனவு வந்து, இந்த வூட்டு நம்பர மட்டும் சொல்லிக்கினே இருந்தானாம். அம்மாவ கூப்புடுங்கன்னு. அவங்களும் அடிச்சுகினே இருந்தாங்களாம்மா. நம்பர வச்சி வூட்டக் கண்டுபுடிச்சி இன்னிக்கித்தான்...”

“எப்படி இருக்கான்?”

எல்லப்பன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “காலைல வரிக்கும் இருந்தான்மா” என்றான்.

பிரபாவதி போனைப் பார்த்தாள். “நான் இங்கயேதான உட்கார்ந்திருந்தேன்” என்றாள். “அடிக்கவே இல்லையே. ஒரு தடவை கூட அடிக்கலையே.” பிறகு அவள் கண்கள் மெதுவாகக் கணவனிடம் வந்து நின்றன. அவர் பார்வை உள்ளறைக் கதவுக்குப் போயிற்று.

இத்தனை நாள் தொடாத ரிசீவரை அவள் எடுத்துக் காதில் வைத்தாள்.

ராமானுஜம் உள்ளறைக்குப் போனார். கால்கள் தானாகப் போயின. என் பிள்ளை செங்கல்பட்டில் உயிரோடு கிடந்தான். என் பிள்ளை கூப்பிட்டான். இரண்டையும் மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். அப்படியென்றால் கீழே இருப்பது?

திரையில் பெட்டி நின்றது.

அப்பா, அழாதீங்க. நான் இங்கதான இருக்கேன்.

அவர் அழவில்லை. பெட்டியை மூடினார். அதன் கீழே இன்னொன்று இருந்தது. அம்மா, என்றது. மூடினார். அதன் கீழே இன்னொன்று. மாமா. மூடினார். தாத்தா. மூடினார். மேல் வரிகளில் அவர் பார்த்தேயிராத பெயர்கள். கீழே யார் யாரையோ கூப்பிடும் வார்த்தைகள். பெட்டிமேல் பெட்டியாகத் திரை முழுக்கச் சாம்பல் நிறம்.

குனிந்தார். மெஷினின் பின்னால் கை விட்டார். நீல ஒயரைப் பிடித்து இழுத்தார். வந்துவிட்டது. போன் ஒயரையும் பிடுங்கினார். மோடத்தின் விளக்குகள் அணைந்தன.

அமைதி. கடல் சத்தம் கூட இல்லை.

ஹாலில் பிரபாவதியின் குரல் கேட்டது. தாழ்ந்த, இதமான குரல். நிதினுக்கு ஜுரம் வந்தால் அவள் பேசுகிற குரல். ராமானுஜம் அறை வாசலுக்கு வந்தார். அவள் ரிசீவரை இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பிடித்திருந்தாள். கன்னமெல்லாம் நனைந்திருந்தது. சிரித்துக்கொண்டிருந்தாள்.

“ஆமாம்ப்பா” என்றாள். “மேலதான். பூட்டலை. தெறந்துதான் இருக்கு.” கொஞ்சம் கேட்டாள். தலையாட்டினாள். “அதனால என்ன? அவங்களையும் கூட்டிட்டு வா.”

“பிரபா, வைச்சிடு” என்றார். அவள் காதில் அது விழவில்லை.

கீழே எங்கோ ஒரு பூட்டு விழுந்தது. பிறகு படியில் ஒரு காலடி. ஈரக் காலடி. இன்னொன்று. இன்னும் பல.

எல்லப்பன் திரும்பிப் படிக்கட்டைப் பார்த்தான். அவன் கத்தவில்லை. ஓடவில்லை. தொப்பியை மார்போடு பிடித்துக்கொண்டு, குறுகலான படியில் எதிரே வருகிறவர்களுக்கு வழி விடுகிற மாதிரி சுவரோரமாக ஒதுங்கினான். ஒதுங்கியவன் ஒதுங்கியபடியே நின்றான். ஒவ்வொருவராக அவனைக் கடந்துபோவதை அவன் கண்கள் பார்த்துக்கொண்டிருந்தன, முகத்தளவில் சிலரை, இடுப்பளவில் சிலரை, கைக்குழந்தை உயரத்தில் சிலரை. ராமானுஜத்தின் கண்ணுக்கு வாசல் காலியாகவே இருந்தது. ஹாலின் தரை, கதவிலிருந்து உள்நோக்கி, மெல்ல நனைந்துகொண்டே வந்தது.