முதலில் கொக்கி

சுண்டு படகின் விளிம்பை விடாமல் பிடித்திருந்தாள். அலைக்குப் பயந்து அல்ல, அலை அவளுக்குப் பழகிப்போன ஒன்று.

கடலுக்கடியில் முங்கிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களை அம்மா படகில் அழைத்துப் போவாள். முதுகில் காற்று சிலிண்டர், அதைத் தாங்கும் ஜாக்கெட், வாய்க்கு ஒரு குழாய். அப்படி மூன்று செட் இருந்தன. போன மாதம் ஒன்று சுண்டுவின் கையிலிருந்து நழுவி ஆழத்துக்குப் போய்விட்டது. அம்மா மூன்று நாள் தேடினாள். கிடைக்கவில்லை. ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது சுண்டுவுக்கு.

இன்று வந்தவர் பல் டாக்டர். ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் நடுங்க வைப்பவர், இப்போது படகின் பின்பக்க ஏணியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் தானே நடுங்கிக்கொண்டிருந்தார்.

முங்கி முடித்து மேலே வந்த பிறகுதான் நங்கூரம் பாறையில் சிக்கியிருப்பது தெரிந்தது. எதையும் கழற்றாமல் காத்திருக்கும்படி அவரிடம் சொல்லிவிட்டு, அம்மா மறுபடி கீழே போனாள். படகோட்டும் மாமா முன்பக்கம் நங்கூரக் கயிற்றை இழுத்துப் பிடித்திருந்தார். அவரால் நகர முடியாது. பின்பக்கம் சுண்டு மட்டும்தான்.

காற்று வலுத்தது. ஏணி படகில் மோதி மோதி விலகியது. டாக்டருக்குப் பொறுமை போய்விட்டது. முதுகுப் பாரத்தோடு ஏறப் பார்த்தார், முடியவில்லை. பட்டைகளை அவிழ்க்கத் தொடங்கினார். அவசரத்தில் ஏதோ பொத்தானை அழுத்த, ஜாக்கெட்டிலிருந்த காற்று புஸ்ஸென்று வெளியேறியது. இனி அது மிதக்காது. விட்டால் கல்லைப் போல இறங்கிவிடும்.

"நான் கழட்டித் தரேன், நீ பிடிச்சுக்கோம்மா," என்றார்.

சுண்டு தன் கைகளைப் பார்த்தாள். போன மாதமும் இந்தக் கைகள்தானே பிடித்தன?

அவள் கையை நீட்டவில்லை. பலகைக்கடியில் கொக்கி வைத்த கயிறு ஒன்று கிடந்தது. அதன் ஒரு முனையைப் படகின் இரும்பு வளையத்தில் கட்டினாள். இழுத்துப் பார்த்தாள். மனசு கேட்காமல் இன்னொரு முடிச்சும் போட்டாள். பிறகு கொக்கியை அவரிடம் இறக்கினாள்.

"டாக்டர் அங்கிள், முதல்ல கொக்கிய மாட்டுங்க. அப்புறம் கழட்டுங்க."

அவர் விரல்கள் உதறின. மூன்று முறை முயன்றும் கொக்கி ஜாக்கெட்டில் மாட்டவில்லை. முகம் வெளுத்துவிட்டது.

சுண்டு குப்புறப் படுத்து அவர் முகத்துக்கு நேரே குனிந்தாள். "என்னயே பாருங்க. மெதுவா மூச்சு விடுங்க. பத்து எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிடும். வலிக்கவே வலிக்காது."

டாக்டர் விழித்தார். "இது நான் சொல்றதாச்சே?"

"நீங்க சொன்னப்ப வலிச்சுது."

அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்ததில் கை நடுக்கம் நின்றது. கொக்கி டக்கென்று மாட்டியது.

ஜாக்கெட்டைக் கழற்றிய நொடியே ஓர் அலை அடித்து, மொத்தச் செட்டும் அவர் கையிலிருந்து நழுவியது. தண்ணீருக்குள் கருப்பாகத் தெரிந்தது, பிறகு தெரியவே இல்லை. கயிறு சரசரவென்று ஓடியது. சுண்டு முடிச்சையே பார்த்தாள்.

கயிறு விண்ணென்று நின்றது.

டாக்டர் தட்டுத்தடுமாறி ஏறி வந்தார். இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். சொட்டச் சொட்ட சிலிண்டர் படகுக்குள் வந்து விழுந்தபோது, சுண்டு அதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

நங்கூரத்தை விடுவித்துவிட்டு வந்த அம்மாவிடம் நடந்ததையெல்லாம் டாக்டரே ஒன்றுவிடாமல் சொன்னார். அம்மா நேரே போய், வளையத்திலிருந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். மாமா போட்ட முடிச்சைக்கூட நம்பாமல் அவிழ்த்துக் கட்டுகிறவள் அவள்.

இதை அவிழ்க்கவில்லை. "இது இப்படியே இருக்கட்டும்," என்றாள்.