குளத்துக்காரியின் வலது கை

பொம்மைக்காரி அந்தப் பழைய வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மதியம், நல்ல மழை. நாடகக் குழு ஒத்திகைக்காக எடுத்திருந்த வீடு அது. பள்ளிக்கூடம் லீவு என்பதால் ஆறு வயது மகளையும் கையோடு கூட்டி வந்திருந்தாள். திறந்த வாய் மூடாத அந்த வாலு, பக்கத்து அறையில் படம் வரைய உட்கார்ந்தது.

மேசைமேல், பொம்மைக்காரி நாடகத்துக்காகச் செய்த குளத்துக்காரி நின்றாள். தண்ணீருக்குள்ளிருந்து கையசைத்துப் பிள்ளைகளைக் கூப்பிடுகிறவள் என்று கதை. உள்ளே கம்பி வைத்து, மேலே கம்பளியை ஊசியால் குத்திக் குத்தி இறுக்கிச் செய்த உருவம். முதுகிலிருக்கும் கைப்பிடியைச் சுற்றினால் வலது கை மடங்கி மடங்கிக் கூப்பிடும். முழங்கையில் மட்டும் கம்பளியைத் தளர்வாக விட்டிருந்தாள். அங்கே இறுகினால் கை மடங்காது.

நாடகக்காரர் எட்டிப் பார்த்தார். "பசங்க அழுதுடப் போறாங்கம்மா."

"அதுக்குத்தானே சார் செய்யச் சொன்னீங்க."

சிரித்துக்கொண்டே டீ குடிக்கப் போனார். அவள் கைப்பிடியைக் கழற்றி எண்ணெய் விட்டாள்.

பொம்மையின் கை மடங்கியது.

கம்பி தளர்ந்திருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். அறையில் பாசி நாற்றம் அடித்தது.

மறுபடி மடங்கியது.

ஜன்னலைப் பார்த்து வைத்த பொம்மை இப்போது பக்கத்து அறைக் கதவைப் பார்த்து நின்றது. கதவுக்கு அப்பால் நாற்காலி நகர்ந்தது. மகள் எழுந்து வருகிறாள்.

பொம்மைக்காரி ஊசியை எடுத்தாள். ஓடத் தோன்றவில்லை, கைக்குத் தெரிந்தது தொழில் ஒன்றுதான். ஒரு பிடி கம்பளியை பொம்மையின் முழங்கையில் திணித்துக் குத்தினாள். நூறு குத்து, இருநூறு குத்து. முழங்கை கல்லாக இறுகியது. கை நின்றுவிட்டது.

கதவருகே மகள் நின்றாள். "யாரும்மா என்னைக் கூப்பிட்டது?"

"யாருமில்லடா. வா, வீட்டுக்குப் போலாம்."

எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, மகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். நாலு ஸ்டாப் தாண்டிய பிறகுதான் மூச்சே வந்தது. பொம்மை போனால் போகிறது, பிள்ளை மடியில் இருக்கிறாள்.

"அம்மா, கை மடங்கல."

மகளின் வலது முழங்கையைத் தொட்டாள். கல்லாக இருந்தது. தோலெங்கும் பொடிப்பொடியாகச் சிவப்புப் புள்ளிகள்.

"வலிக்குதா?"

"இப்ப இல்ல. நீ குத்துறப்பதான் வலிச்சுது."

"ஏன்டா சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னு அவங்க சொன்னாங்க."

குத்தி இறுக்கிய கம்பளியைப் பிரிக்க முடியாது. வெட்டித்தான் எடுக்க வேண்டும். மகளின் கையைத் தன் இரு கைகளாலும் மூடிக்கொண்டாள்.

ஃபோன் அடித்தது. நாடகக்காரர்.

"எங்கம்மா போயிட்டீங்க? கை மடங்கவே மாட்டேங்குது. பரவால்ல, நானே வெட்டிச் சரி பண்ணிடறேன். இங்க ஒரு அம்மா வந்திருக்காங்க, பாவம், தலையெல்லாம் சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு. அவங்கதான் கத்திரிக்கோல் எடுத்துக் குடுத்தாங்க."

"சார், வெட்டாதீங்க," என்றாள்.

அதற்குள் அந்தப் பக்கம் அவர் ஃபோனை மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது.