பெரியபாலத்தில் அழுத வான்

2012 செப்டெம்பர் 4, செவ்வாய். காலை 6.40.

தோட்டவெளியில், கராஜ்காரர் லோறன்ஸின் வேலியோரம் ஒரு கழுதை செத்துக் கிடந்தது. உடலில் காயம் இல்லை. கண்கள் மட்டும் திறந்திருந்தன. ஞாயிறு பின்னேரம் தொட்டு அது வெறிகாரனைப்போலத் தள்ளாடித் திரிந்ததை ஊரே கண்டது.

"பாலத்தில வானுக்குள்ள அழுத பேய், இப்ப கழுதையையும் சாக்காட்டிப் போட்டுது" என்று சிலுவை அடையாளம் இட்டு விலகிப் போனார்கள் மக்கள்.

பெற்றிசியா விலகவில்லை. குனிந்து பார்த்தாள். கழுதையின் வாயருகே, லோறன்ஸ் வழக்கமாகத் தண்ணீர் வைக்கும் அலுமினியப் பேசின். கோடையில் ஊர்க் கழுதைகளுக்கு அதுதான் கதி. அதன் அடியில் பாசிபோல ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது.

அவளுக்கு வயது முப்பத்தொன்று. வாகன வயரிங் வேலையை தமிழ்நாட்டு மண்டபம் அகதி முகாமில் இருந்த காலத்தில் கற்றவள். மீள்குடியேறி வந்து தோட்டவெளியில் கடை திறந்தவள். வான் உரிமையாளர் சங்கத் தலைவர் செல்வராசாவின் வான் வண்டிக்கு, கட்டிலும் அடுப்பும் வைத்து வெளிநாட்டிலிருந்து வரும் குடும்பங்களை ஏற்றும் அந்த வானுக்கு, எஞ்சின் சூடேறினால் கத்தும் அலாரத்தைப் பூட்டியவள் அவளே. ஞாயிறு காலை மடு மாதா கோயிலுக்குப் புறப்பட்ட வான், பெரியபாலத்தின் நடுவில் எஞ்சின் எரிந்து நின்றது. அலாரம் மூச்சும் விடவில்லை. திறப்புச் சாவியைக் கழற்றி, எல்லோரும் இறங்கி, செல்வராசா ரேடியேற்றருக்குள் தண்ணீர் ஊற்றிய பிறகுதான், ஆளில்லாத வானுக்குள்ளிருந்து அந்த ஓலம் எழுந்தது. எஞ்சின் உயிரோடு இருக்கையில் ஊமை, செத்தபின் ஒப்பாரி. பாலத்தின் இரு பக்கமும் கடல் அசையாமல் கிடந்தது. போரில் அந்தக் கடல் கொண்டவர்களின் பெயர்களை முணுமுணுத்தபடி பயணிகள் நடந்தே திரும்பினார்கள்.

இன்று மாலை நான்கு மணிக்கு வான் உரிமையாளர் சங்கம் கூடுகிறது. அலாரம் பூட்ட அவளிடம் வரவிருந்த பதினொரு வான்களும் வருமா, கடையை இழுத்து மூடுவதா என்பது அங்கே முடிவாகும்.

காலை 8.15. செல்வராசாவின் வீட்டு வளவு.

கட்டியிழுத்து வந்த வானின் அருகே சாரதி ஜோன்சன் நின்றார்.

"வா தங்கச்சி. பேய்க்கும் சேர்த்தோ வயர் இழுத்தனி?"

"ரேடியேற்றருக்கு ஆர் தண்ணி விட்டது, அண்ணை?"

"நீதானே விட்டனி, கொழும்பிலயிருந்து எடுப்பிச்ச பச்சை நிறக் கூலன்ற் தண்ணி. பிறகு நான் மூடியே திறக்கேல்லை."

"ஞாயிறு விடிய வான் எங்க நிண்டது?"

"கோயிலடியில. லோறன்ஸின்ர வேலி நிழலுக்கை விட்டிட்டுப் பூசைக்குப் போனனான். ஆறரைக்குப் போய் ஏழரைக்கு வந்தனான்."

பெற்றிசியா ரேடியேற்றரை நிரப்பி அரைமணி நேரம் காத்திருந்தாள். குழாய் வெடிக்கவில்லை. ஒரு சொட்டும் ஒழுகவில்லை. அடியில் உள்ள, தண்ணீர் வடிக்கும் திருகு இறுகப் பூட்டியிருந்தது. அதன்மேல் மட்டும் சேறு உதிர்ந்து, இரும்பு பளிச்சென்று தெரிந்தது.

காலை 10.05. லோறன்ஸின் கராஜ்.

"பிள்ளை, உன்னில பிழை இல்லை" என்றார் லோறன்ஸ், கதிரையை இழுத்துப் போட்டு. "செத்த சனம் அழுதால் வயர் என்ன செய்யும்? சங்கத்திலயும் அதைத்தான் சொல்லுவன். ஆனா பெண் பூட்டினதெண்டு சனம் பயப்பிடும். கொஞ்ச நாளைக்குக் கடையைப் பூட்டு."

"பாவம் அந்தக் கழுதை. ஞாயிறு ஆர் அண்ணை தண்ணி வைச்சது?" என்றாள் பெற்றிசியா.

"வேற ஆர்? நான்தான். மனுசி பூசைக்குப் போயிட்டா."

மாலை 4.00. சங்க மண்டபம்.

மக்கள் வாசல்வரை நிறைந்திருந்தார்கள். பெற்றிசியாவிடம் இனி வான் விடுவதில்லை என்ற தீர்மானத்தை வாசிக்க எழுந்த செல்வராசாவை அவள் கைகாட்டி நிறுத்தினாள்.

"அலாரத்தின்ர நுனி தண்ணிக்குள்ள இருந்தால்தான் சூடு அதுக்குத் தெரியும். தண்ணி முழுக்கப் போனால் அது வெறுங்காத்தில நிக்கும். எஞ்சின் எரிஞ்சாலும் கத்தாது. நீங்கள் தண்ணி ஊத்தினீங்கள், அது கொதிச்சு நுனியில பட்டுது, கத்திச்சுது. வயர் நேரே பற்றறியில இருக்கு, திறப்புத் தேவையில்லை. அழுதது பேய் இல்லை, அண்ணை."

"அப்ப தண்ணி எங்க போனது?" என்றார் ஜோன்சன்.

"பூசை நேரத்தில திருகைக் கழற்றி, வடிச்சு, திரும்பப் பூட்டியிருக்கினம். ஆனா மண்ணில ஊத்தேல்லை. இந்தத் தீவில நல்ல தண்ணியை மண்ணில ஊத்த ஆருக்கு மனம் வரும்? பேசினுக்குள்ள வைச்சிருக்கினம். முப்பது வருசச் சண்டையிலயும் பொருள் தடையிலயும் இஞ்ச எந்த எஞ்சினும் கிணத்துத் தண்ணியைத் தவிர வேற ஒண்டும் கண்டதில்லை. பச்சையைக் கண்டால் பாசியெண்டுதான் நினைப்பினம். அந்தப் பச்சைக் கூலன்ற் தித்திக்கிற நஞ்சு. கழுதை ரெண்டு நாளாய் ஆடி ஆடிச் செத்தது அதாலதான்."

அவள் லோறன்ஸின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"ஞாயிறு நான்தான் தண்ணி வைச்சனான் எண்டு காலமை உங்கட வாயாலதான் சொன்னீங்கள்."

லோறன்ஸ் எழுந்து நின்றார்.

"பாலம் தாண்டுமெண்டுதான் நினைச்சனான்… இவ்வளவு நாளும் என்னட்டை வந்த பதினொரு வானும் உன்னட்டைப் போனால் நான் என்ன செய்ய, பிள்ளை?" என்றார். "தண்ணியை ஊத்த மனம் வரேல்லை. வாயில்லாச் சீவன் குடிக்கட்டுமெண்டு, பாவம் பாத்துத்தான் வைச்சனான்."

யாரோ சிலர் அவர்மேல் பாய எழுந்தார்கள். பெற்றிசியா குறுக்கே வந்தாள்.

"அடியாதேங்கோ. அண்ணை, எங்கட செத்த சனம் சுமந்தது காணாதோ? உங்கட களவையும் அதுகளின்ர தலையில ஏத்தினீங்களே, அதைத்தான் என்னால பொறுக்கேலாது."

பிறகு கூட்டத்தை நோக்கித் திரும்பினாள்.

"என்னிலயும் ஒரு பிழை இருக்கு. தண்ணி போனாலும் தெரியிற மாதிரி, எஞ்சின் இரும்பிலயும் ஒரு நுனி பூட்டியிருக்க வேணும். இனிப் பூட்டுவன். பெண் பூட்டினதெண்டு பயப்பிடுறவை வரவேண்டாம்."

செல்வராசா கையிலிருந்த தீர்மானத்தாளை இரண்டாகக் கிழித்தார். பின்வரிசையிலிருந்து, அந்தப் பதினொரு வான்காரர்களில் ஒருவரான அப்துல் றசாக் எழுந்து, தன் வானின் திறப்பை மேசைமேல் வைத்தார்.

"நாளைக்கு விடியக் கொண்டு வாறன், தங்கச்சி. எத்தனை நுனி வேணுமோ, அத்தனையும் பூட்டு."